சனிவார் வாடாவின் நள்ளிரவுக் குரல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புனே நகரின் பழைய பகுதியில், முத்தா ஆற்றுக்கு அருகில், பேஷ்வாக்களின் அரண்மனையாக இருந்த சனிவார் வாடா நிற்கிறது. அதைப் பற்றி இணையத்தில் தேடும் தமிழ் வாசகருக்கு வரலாற்றைவிட ஆவிக்கதையே முதலில் கிடைக்கிறது. அந்தக் கதையைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன.

கதை என்ன சொல்கிறது?

அமாவாசை இரவில், அல்லது பௌர்ணமி இரவில், கோட்டைக்குள்ளிருந்து ஓர் இளைஞனின் அலறல் கேட்கும் என்கிறார்கள். எந்த இரவு என்பது கதை சொல்பவரைப் பொறுத்தது. அலறலின் வாசகம் மட்டும் எல்லோர் வாயிலும் ஒன்றுதான்: "காகா, மலா வாச்சவா." தமிழில் சொன்னால், "சித்தப்பா, என்னைக் காப்பாற்றுங்கள்."

பெரும்பாலான ஆவிக்கதைகளில் செத்தவர் யார், எப்போது செத்தார் என்பதெல்லாம் மங்கலாகவே இருக்கும். இங்கே பெயர், வயது, தேதி, கொன்றவர்களின் பெயர்கள், விசாரித்த நீதிபதியின் பெயர் வரை எல்லாம் வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன. அலறியவராகச் சொல்லப்படுபவர் பேஷ்வா நாராயணராவ். அவர் கொல்லப்பட்ட நாள் 1773 ஆகஸ்ட் 30. அப்போது அவருக்கு வயது 18.

பேஷ்வா என்பவர் அரசரா?

பட்டப்படி அரசர் அல்லர். மராட்டிய அரசின் தலைவர் சத்ரபதி. அவர் சாதாராவில் இருந்தார். பேஷ்வா அவருடைய முதலமைச்சர். ஆனால் 18-ஆம் நூற்றாண்டில் அதிகாரம் படிப்படியாகப் புனேயிலிருந்த பேஷ்வாவின் கைக்கு வந்துவிட்டது. பதவியும் ஒரே குடும்பத்தின் பரம்பரைச் சொத்தாகிவிட்டது. ஆகவே இந்தக் கொலையை ஓர் அமைச்சரின் கொலையாகக் கருதாமல் அரியணைக் கொலையாகவே படிக்க வேண்டும்.

நாராயணராவ் இத்தனை இளம் வயதில் பேஷ்வா ஆனது எப்படி?

அவர் மூன்றாவது மகன்; சாதாரணமாக அவருக்கு முறை வந்திருக்கவே வேண்டியதில்லை. தந்தை நானாசாகேப் என்று அழைக்கப்பட்ட பாலாஜி பாஜிராவ். மூத்த அண்ணன் விஸ்வாசராவ் 1761 ஜனவரி 14 அன்று பானிப்பட்டுப் போர்க்களத்தில் இறந்தார். அந்தத் துயரத்திலிருந்து மீளாத தந்தையும் அதே ஆண்டு ஜூன் மாதத்தில் புனேயின் பார்வதி மலையில் காலமானார். அடுத்த அண்ணன் மாதவராவ் பதினாறு வயதில் பொறுப்பேற்று, சிதைந்து கிடந்த அரசை நிமிர்த்தி நிறுத்தினார். ஆனால் காசநோய் அவரையும் விடவில்லை. 1772 நவம்பர் 18 அன்று புனேக்கு அருகிலுள்ள தேயூரில் 27 வயதில் இறந்தார். அவருக்குக் குழந்தை இல்லை. பதினேழு வயதுத் தம்பியிடம் பதவி வந்து சேர்ந்தது. அதை அவர் ஏறக்குறைய ஒன்பது மாதங்களே வகித்தார்.

சித்தப்பாவுக்கு ஏன் பகை?

சித்தப்பா ரகுநாதராவ், நானாசாகேபின் தம்பி. மக்கள் அவரை ராகோபா என்றும் அழைத்தார்கள். அவரை வெறும் சூழ்ச்சிக்காரராக நினைத்துவிடக் கூடாது. 1758-இல் மராட்டியப் படையைப் பஞ்சாப் வரை கொண்டுசென்ற தளபதி அவர்தான். அத்தகையவர் அண்ணன் இறந்ததும் பதவி தனக்கே வர வேண்டும் என்று எண்ணியதில் வியப்பில்லை. வந்ததோ பதினாறு வயது அண்ணன் மகனுக்கு. மாதவராவுக்கு எதிராக அவர் ஒருமுறைக்கு மேல் படை திரட்டினார். 1768-இல் தோடப் என்னுமிடத்தில் தோற்றுப் பிடிபட்டு, சனிவார் வாடாவிலேயே காவலில் வைக்கப்பட்டார்.

மரணப் படுக்கையில் இருந்த மாதவராவ் சித்தப்பாவோடு சமாதானம் செய்துகொண்டு, தம்பியை அவர் பொறுப்பில் ஒப்படைத்தார் என்பது மராத்தி மரபு. அந்தச் சமாதானம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1773-இல் ரகுநாதராவ் மறுபடியும் அரண்மனைக் காவலில் வைக்கப்பட்டார். காவல் நாளுக்கு நாள் இறுகியது. ஒரே கூரையின் கீழ் ஆள்பவரும் கைதியும் இருந்தார்கள். இருவரும் ஒரே குடும்பம். நாராயணராவ் முன்கோபியாகவும் அனுபவமற்றவராகவும் இருந்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். உண்மையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அதைக் கொலைக்கான நியாயம்போல நீட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பதினெட்டு வயதில் முன்கோபம் இல்லாதவர் எத்தனை பேர் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

அன்று உண்மையில் என்ன நடந்தது?

விநாயகர் சதுர்த்தி விழாவின் நாட்கள் அவை. சதித்திட்டம் ஒன்று உருவாகியிருப்பதாக நாராயணராவின் காதுக்கு எட்டியது. பாதுகாப்பைக் கவனிக்கும்படி தம் அதிகாரி ஹரிபந்த் பட்கேயிடம் அவர் சொன்னார். ஹரிபந்த் அதை அவசரமாக எடுத்துக்கொள்ளாமல் மதிய உணவுக்குப் போனார். பேஷ்வாவும் ஓய்வெடுக்கச் சென்றார்.

அரண்மனைக் காவலில் கார்திகள் என்ற கூலிப்படையினர் இருந்தார்கள். ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற காலாட்படையினரான அவர்களுக்குச் சம்பள பாக்கி இருந்தது. சுமேர் சிங், முகமது இசாப், கரக் சிங் ஆகியோர் அவர்களின் தலைவர்கள். மதியத்துக்குப் பின் அவர்கள் பாக்கியைக் கேட்பதுபோல் கூச்சலிட்டுக்கொண்டு அரண்மனைக்குள் புகுந்தார்கள். ரகுநாதராவின் பணியாளரான துளாஜி பவாரும் உடன் இருந்தார். வழியில் எதிர்ப்பட்டவர்கள் வெட்டப்பட்டார்கள். ஒரு பசுவும் வெட்டுப்பட்டது.

நாராயணராவ் அறை அறையாக ஓடினார். அவர் கடைசியில் போய்ச் சேர்ந்தது சித்தப்பாவின் அறை. அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உயிர்ப்பிச்சை கேட்டார். கொல்ல வந்தவர்கள் அவரைப் பிடித்து இழுத்தார்கள். சாபாஜி டிலேகர் என்ற பணியாள் தன் எசமானரின் மேல் விழுந்து மறைத்தார். வாள்கள் இருவரையும் துண்டாடின.

அலறலின் சொற்கள் மக்கள் வாய்மொழியில் செதுக்கப்பட்டவை; ஓடிச் சென்று சித்தப்பாவைக் கட்டிக்கொண்டது வரலாறு. கதையின் கொடூரம் முழுவதும் அந்த ஓட்டத்தின் திசையில்தான் இருக்கிறது. காப்பாற்றக் கூப்பிடப்பட்டவரும் கொலைக்கு ஆள் ஏவியவராகக் குற்றம் சாட்டப்பட்டவரும் ஒருவரே.

நள்ளிரவில்தானே கொலை நடந்தது?

இல்லை. பட்டப்பகலில் நடந்தது. உடலை அகற்றியதும் முத்தா ஆற்றங்கரையில் எரித்ததும்தான் இரவில். அமாவாசைக்கும் இதில் இடமில்லை: விநாயகர் விழா வளர்பிறைச் சதுர்த்தியில் தொடங்கிச் சதுர்த்தசியில் முடிவது, 1773-இல் ஆகஸ்ட் 30 அந்த விழாவின் கடைசி நாட்களில் வந்தது. நிலா ஏறத்தாழ முழுமையாக இருந்திருக்கும். பௌர்ணமிக் கதை சொல்பவர்கள் தெரிந்தோ தெரியாமலோ உண்மைக்குக் கொஞ்சம் அருகில் இருக்கிறார்கள்.

ஆனந்திபாய் ஒரே ஓர் எழுத்தை மாற்றியதால்தான் கொலை நடந்தது என்கிறார்களே?

ஆவிக்கதைக்கு அடுத்தபடியாகப் பரவியிருக்கும் கதை இது. கார்திகளுக்கு ரகுநாதராவ் எழுதிக் கொடுத்த ஆணையில் நாராயணராவைப் பிடிக்க வேண்டும் என்னும் பொருளில் "தராவே" என்ற சொல் இருந்ததாம். அவருடைய மனைவி ஆனந்திபாய் முதல் எழுத்தைத் திருத்தி, கொல்ல வேண்டும் என்னும் பொருள்படும் "மாராவே" ஆக்கிவிட்டாராம். சொல்லைத் திரித்துக் காரியத்தைக் கெடுப்பதைக் குறிக்க மராத்தியில் "தாவை மா ஆக்குவது" என்னும் வழக்கு இன்றும் உண்டு. இந்தக் கதையிலிருந்து பிறந்த வழக்கு அது.

சாதாராவில் ஆங்கிலேயரின் பிரதிநிதியாக இருந்த ஜேம்ஸ் கிராண்ட் டஃப் 1826-இல் வெளியிட்ட மராட்டியர் வரலாற்றில் இந்தச் செய்தியை எழுதியிருக்கிறார். அதற்குள் கொலை நடந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆணையைத் திருத்தியவர் ஆனந்திபாய் என்பது மக்களின் பொதுவான நம்பிக்கை என்ற அளவிலேயே அவரும் நிற்கிறார்.

கதையை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் ரகுநாதராவின் பொறுப்பு குறைவதில்லை. ஆளும் பேஷ்வாவை ஆயுதம் தாங்கிய கூலிப்படையைக் கொண்டு பிடிக்கச் சொல்வதே அரசத் துரோகம். பிடிபட மறுக்கும் பதினெட்டு வயது இளைஞனுக்கு அந்தக் கூட்டத்தின் கையில் என்ன நேரக்கூடும் என்பது போர்க்களம் பல கண்ட ஒரு தளபதிக்குத் தெரியாததல்ல. அரண்மனைக் குற்றங்களில் பெண் ஒருத்தியைத் தேடிப் பிடித்துப் பழியை இறக்கி வைப்பது நம் ஊர்க் கதைகளிலும் காணக் கூடியதுதான். ஆனந்திபாய் குற்றமே அறியாதவர் என்று வாதிட வேண்டியதில்லை. ஆனால் கணவரை ஏமாந்தவராகவும் மனைவியைக் கொலையாளியாகவும் ஆக்கும் இந்தக் கதை பயன்பட்டது யாருக்கு என்று கேட்டால், விடை ரகுநாதராவின் பக்கமே நீள்கிறது.

குற்றவாளிகள் விசாரிக்கப்பட்டார்களா?

விசாரிக்கப்பட்டார்கள். கதையில் ஆவிக்குக் கிடைக்கும் இடத்தில் பாதியாவது இந்தப் பகுதிக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

புனேயின் தலைமை நீதிபதி ராம் சாஸ்திரி பிரபுணே. கொலைக்குப் பின் பேஷ்வா பதவியை ஏற்றுக்கொண்ட ரகுநாதராவின் கீழ்தான் அவர் பணிபுரிய வேண்டியிருந்தது. அந்த நிலையிலேயே விசாரணையை நடத்தி, குற்றத்தின் வேர் ரகுநாதராவிடம் இருப்பதாகக் கண்டறிந்தார். பாவத்துக்குப் பரிகாரம் என்ன என்று கேட்கப்பட்டபோது, உயிரைத் தருவதைத் தவிர வேறு பரிகாரம் இல்லை என்று நேருக்கு நேர் சொல்லிவிட்டு, அவர் ஆட்சி இருக்கும்வரை புனேயில் இருக்க மாட்டேன் என்று பதவியைத் துறந்து ஊரைவிட்டு வெளியேறினார் என்பது மராத்தியர் தலைமுறை தலைமுறையாகப் போற்றிவரும் செய்தி.

ரகுநாதராவின் ஆட்சி சில மாதங்களே நிலைத்தது. நாராயணராவ் இறந்தபோது அவர் மனைவி கங்காபாய் கருவுற்றிருந்தார். நானா பட்னவிஸ் உள்ளிட்ட அமைச்சர்களும் தளபதிகளும் பன்னிருவர் அணியாகச் சேர்ந்து கங்காபாயைப் புரந்தர் கோட்டையில் பாதுகாத்தார்கள். 1774 ஏப்ரல் 18 அன்று அங்கே ஆண் குழந்தை பிறந்தது. நாற்பது நாள் குழந்தையையே பேஷ்வாவாக அறிவித்தார்கள். இரண்டாம் மாதவராவான அந்தக் குழந்தையின் பெயரால் நானா பட்னவிஸ் அரசை நடத்தினார். ராம் சாஸ்திரியும் பதவிக்குத் திரும்பினார். கொலையில் நேரடியாகக் கை வைத்தவர்களில் முகமது இசாப் பின்னர் பிடிபட்டு மரண தண்டனைக்கு உள்ளானார். ரகுநாதராவ் மட்டும் ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்து தப்பினார்.

கொலை நடந்த அறையை இப்போது பார்க்க முடியுமா?

முடியாது. அறை மட்டுமன்று, அரண்மனையே இல்லை.

முதலாம் பாஜிராவ் 1730 ஜனவரி 10 அன்று இதற்கு அடிக்கல் நாட்டினார். 1732 ஜனவரி 22 அன்று புதுமனை புகுவிழா நடந்தது. இரண்டும் சனிக்கிழமைகள். சிவாஜி இளமையில் வாழ்ந்த லால் மஹால் பக்கத்திலேயே இருந்தது; அதன் மண்ணில் ஒரு பிடி எடுத்து வந்து அடித்தளத்தில் இட்டார்கள் என்பது மரபு. கட்டுமானச் செலவு 16,110 ரூபாய் என்று சொல்லப்படுகிறது. பின்னால் வந்த பேஷ்வாக்கள் கோட்டை மதிலையும் கொத்தளங்களையும் வாயில்களையும் மண்டபங்களையும் சேர்த்தார்கள். ஏழு நிலை மாளிகையின் உச்சியிலிருந்து பார்த்தால் ஆளந்தியிலுள்ள ஞானேஸ்வரர் கோயிலின் விமானம் தெரிந்ததாம்.

1817 நவம்பர் 17 அன்று கோட்டையின் மேல் ஆங்கிலேயக் கொடி ஏறியது. 1828 பிப்ரவரி 27 அன்று பிடித்த தீ ஒரு வாரம் எரிந்தது. தேக்குத் தூண்களும் செதுக்கு வேலை செய்த மேற்கூரைகளும் நிறைந்த மாளிகை என்பதால் தீக்கு இரை ஏராளமாகக் கிடைத்தது. தப்பியவை வெளி மதில், வாயில்கள், தில்லி வாயிலின் மேலுள்ள நகரா (முரசு) மண்டபம், கட்டிடங்களின் அடித்தளங்கள். இன்று உள்ளே செல்பவர் காண்பது புல்வெளிக்கு நடுவே அறைகளின் அளவைக் காட்டும் கல் மேடைகளை மட்டுமே. எனவே "அறையறையாக ஓடும் காலடி ஓசை" என்று சிலர் கதைக்குச் சேர்க்கும் மெருகு இடத்தோடு பொருந்தவில்லை. ஓடுவதற்கு அங்கே அறைகளே கிடையா.

ஆவிக்கதை எப்போது தொடங்கியது?

நாராயணராவின் ஆவியைப் பற்றிய பழைய கதை கோட்டையைச் சுற்றுவதில்லை. ஒரு மனிதரைச் சுற்றுகிறது. அவர் கடைசிப் பேஷ்வாவான இரண்டாம் பாஜிராவ், ரகுநாதராவுக்கும் ஆனந்திபாய்க்கும் பிறந்த மகன்.

அவர் பிறந்தது 1775 ஜனவரியில், அதாவது கொலைக்கு ஓராண்டுக்குப் பின். கொலையில் அவருக்கு எந்தப் பங்கும் இருக்க வாய்ப்பில்லை. ஆயினும் பெற்றோர் செய்த பாவம் தம்மைத் தொடர்கிறது என்று அவர் அஞ்சினார் என்றும், நாராயணராவின் ஆவி தம்மைத் துன்புறுத்துவதாக நம்பினார் என்றும், பண்டரிபுரத்துப் பூசாரிகளைக் கொண்டு பரிகாரங்கள் செய்தார் என்றும், அந்தணர்களுக்குத் தானங்கள் வழங்கிப் புனேயைச் சுற்றி ஆயிரக்கணக்கில் மாமரங்களை நட்டார் என்றும் கதை வழங்குகிறது. 1818-இல் ஆங்கிலேயரிடம் சரணடைந்து, ஆண்டுக்கு எட்டு இலட்சம் ரூபாய் ஓய்வூதியத்துடன் கங்கைக் கரையிலுள்ள பிட்டூருக்கு அனுப்பப்பட்ட பிறகு, ஆவி அங்கேயும் வந்துவிட்டதாம். குடும்பத்தின் குற்றத்தை ஆவி பின்தொடர்கிறது என்னும் அந்தக் கதை, நம்புகிறவர்கள் கண்ணில் ஒரு நியாயம் உடையது.

இன்று நாம் கேட்கும் கதையில் ஆவி பிட்டூர் போகவில்லை. சனிவார் வாடாவுக்குள்ளேயே நிற்கிறது. குற்றவாளியின் வாரிசு இல்லாமற்போன பின், அலைவதற்கு அதற்கு இடம் மட்டுமே எஞ்சியது என்று நினைக்கத் தோன்றுகிறது. இடத்தைச் சுற்றும் கதை சுற்றுலாவுக்கும் வசதியானது. நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே வருகிறவரிடம் பிட்டூரைக் காட்ட முடியாது அல்லவா?

வேறு எவரும் அந்த அரண்மனையில் அகால மரணம் அடையவில்லையா?

அடைந்தார்கள். நாராயணராவின் மகனே அடைந்தார். புரந்தர் கோட்டையில் பிறந்த அந்தக் குழந்தை, இரண்டாம் மாதவராவ், 1795 அக்டோபரில் சனிவார் வாடாவின் மாடத்திலிருந்து கீழே இருந்த நீரூற்றின் மேல் விழுந்து, இரண்டு நாட்களில் இறந்தார். அப்போது அவருக்கு 21 வயது. நானா பட்னவிஸின் கெடுபிடி தாங்காமல் குதித்தாரா, காய்ச்சல் மயக்கத்தில் தவறி விழுந்தாரா என்று இன்றும் வாதிடுகிறார்கள். தந்தைக்கு 18, மகனுக்கு 21. ஒரே வளாகத்தில் இரண்டு மரணங்கள். இருந்தும் மகனின் ஆவியைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அவருடைய மரணத்தில் வாசகமும் இல்லை, பழி சொல்ல ஒரு முகமும் இல்லை. தந்தையின் கதைக்கு இரண்டும் அமைந்துவிட்டன. வாசகமோ ஆவிக்கதையைத் தாண்டியும் வாழ்கிறது: மகாராஷ்டிர அரசியலில் சித்தப்பாவுக்கும் அண்ணன் மகனுக்கும் பூசல் எழும்போதெல்லாம் "காகா, மலா வாச்சவா" கேலியாக வெளிவந்துவிடும்.

குரலை உண்மையிலேயே யாராவது கேட்டிருக்கிறார்களா?

கேட்டதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். சரிபார்க்கத்தக்க சான்று எதுவும் இல்லை. இரவில் கோட்டை பூட்டப்பட்டிருக்கும். ஆகவே கேட்டதாகச் சொல்பவர்கள் மதிலுக்கு வெளியே நின்று கேட்டவர்கள்தான். வெளியே இருப்பது புனேயின் நெரிசல் மிகுந்த பழைய நகரம்: நான்கு பக்கமும் சாலைகள், பக்கத்தில் ஆறும் பாலமும், உள்ளே மரங்களும் பறவைகளும். வரப்போகும் சொற்களை முன்கூட்டியே அறிந்த ஒருவருக்கு அத்தகைய இடத்தில் கேட்கும் எந்தத் தொலைதூர ஒலியும் அந்தச் சொற்களாகவே மாறிவிடும். மராத்தி தெரியாத பயணிகூட அந்த மூன்று சொற்களை மட்டும் தெளிவாகக் கேட்டதாகச் சொல்வதைக் காணும்போது, காதைவிடக் கதைதான் முந்திக்கொள்கிறது என்று கொள்வதே பொருத்தம்.

இந்தக் கொலைக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, சுற்றுவழியாக. புனேயிலிருந்து விரட்டப்பட்ட ரகுநாதராவ் 1775 மார்ச் மாதத்தில் சூரத்தில் பம்பாய் ஆங்கிலேயருடன் ஓர் ஒப்பந்தம் செய்தார்: பதவியை மீட்டுத் தந்தால் பம்பாய்க்கு அருகிலுள்ள சால்செட் தீவையும் வசை (பசீன்) என்னும் ஊரையும் தருவதாக வாக்கு. அதிலிருந்து எழுந்ததே முதலாம் ஆங்கில மராட்டியப் போர். ஆங்கிலேயரைப் பல முனைகளில் நெருக்க விரும்பிய நானா பட்னவிஸ், மைசூரின் ஹைதர் அலியையும் ஐதராபாத் நிஜாமையும் கூட்டணியில் சேர்த்தார். 1780 ஜூலையில் ஹைதர் கர்நாடகப் பகுதிக்குள், அதாவது இன்றைய வட தமிழ்நாட்டுக்குள், பெரும்படையோடு இறங்கினார். அதே ஆண்டு செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிக்கப்பட்டது. ஆங்கிலேயர் மாஹேயைப் பிடித்தது போன்ற தனிக் காரணங்களும் ஹைதருக்கு இருந்தன. புள்ளலூருக்கு முழுக் காரணம் புனேக் கொலை என்று சொல்வது மிகையாகும். ஆனால் அந்தக் கூட்டணிக்கு வழி திறந்தது ரகுநாதராவின் ஓட்டமே.

1782-இல் அந்தப் போரை முடித்த சால்பாய் ஒப்பந்தத்தில் ஆங்கிலேயர் ரகுநாதராவைக் கைவிட்டார்கள். மாதம் 25,000 ரூபாய் ஓய்வூதியம் பெற்றுக்கொண்டு கோபர்காவ் சென்ற அவர் நெடுநாள் வாழவில்லை.

முயல் நாயைத் துரத்திய இடத்தில்தான் கோட்டை கட்டினார்கள் என்பது உண்மையா?

அப்படியொரு கதை சனிவார் வாடாவுக்கும் உண்டு. பாஞ்சாலங்குறிச்சிக்கும் இதையே சொல்கிறோம், விஜயநகரத்துக்கும் சொல்கிறார்கள். எளியது வலியதை எதிர்க்கும் மண் என்று காட்ட விரும்பும் ஊர்கள் எல்லாம் இந்த முயலை வளர்த்திருக்கின்றன.

போய்ப் பார்ப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

வடக்கு நோக்கிய தில்லி வாயிலில் தொடங்கலாம். வெளியே முதலாம் பாஜிராவின் குதிரைச் சிலை நிற்கிறது. கதவுகளில் யானையின் நெற்றி உயரத்துக்கு வரிசையாக இரும்பு முட்கள் பதித்திருப்பதைக் கவனிக்கலாம். யானையைக் கொண்டு கதவை முட்டி உடைப்பதைத் தடுக்கும் ஏற்பாடு அது. வெளியிலிருந்து வரும் படையை எதிர்பார்த்து இவ்வளவு கவனமாகச் செய்த கதவு, உள்ளே சம்பளத்துக்கு இருந்த காவலருக்கு எதிராக ஒன்றும் செய்ய முடியவில்லை. மேலே ஏறினால் தீக்குத் தப்பிய மர வேலைப்பாட்டை நகரா மண்டபத்தில் காணலாம்.

உள்ளே, தாமரை வடிவில் அமைந்த ஹசாரி காரஞ்சே நீரூற்று இருக்கிறது. தெற்குப் பக்கத்தில் நாராயண் வாயில் என்று ஒரு சிறிய வாயில் உண்டு. முன்பு நாவல் வாயில் எனப் பொருள்படும் பெயரால் வழங்கிய அது, நாராயணராவின் உடல் அவ்வழியே வெளியே கொண்டு செல்லப்பட்டதால் பெயர் மாறியது என்கிறார்கள். கதை கேட்டு வருகிறவர்களில் பலர் தில்லி வாயிலோடு திரும்பிவிடுகிறார்கள். இந்த வாயில் வரை நடந்து வருவது நல்லது.

கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது, நுழைவுக் கட்டணம் உண்டு, மாலையில் மூடிவிடுவார்கள். மதிலின் மேல் நடக்கும்போது சுற்றிவரும் பழைய நகரமும் உள்ளே கிடக்கும் அடித்தளங்களும் ஒருசேரத் தெரியும். அறைகள் எவ்வளவு நெருக்கமாக இருந்தன, ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு ஓடுவதற்கு எவ்வளவு குறைந்த நேரமே பிடித்திருக்கும் என்பதை அங்கிருந்துதான் கணிக்க முடியும். கோடையில் கல் கடுமையாகச் சுடும். உள்ளே கூரையுள்ள இடம் மிகக் குறைவு. காலையிலேயே போய்விடுவது நலம்.